ஒன்பது நாள் துனிசியா: எங்க ஷீட்ல இல்லாத பாதி நாடு

இந்த வாரம் கொஞ்சம் சொந்தக் கதையில ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கோங்க, அஞ்சு நிமிஷத்துல வரலாறுக்குள்ள போயிடுவோம்.

எனக்கும் என் மனைவிக்கும் அக்டோபர்ல சேர்ந்தாப்ல ஒன்பது நாள் லீவு கிடைச்சிருக்கு. ரெண்டு பேரும் ஐ.டி. அவங்க ரிலீஸும் என் ரிலீஸும் மோதாம ஒன்பது நாள் அமையறது கிரகணம் மாதிரி, அதனால வீணடிக்கக் கூடாதுன்னு முடிவு. அவங்களுக்குக் கடல் வேணும். காலையில எழுந்து அலாரம் இல்லாம, மண்ணுல படுத்துக் கிடக்கணும். எனக்கு இடிஞ்ச சுவர் வேணும். ரெண்டும் கிடைக்கிற இடமா, ஐரோப்பா அளவுக்குச் செலவு வைக்காத இடமா தேடித் தேடி, வட ஆப்பிரிக்காவுல துனிசியாவுல வந்து நின்னோம். அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் நடுவுல, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கிற சின்ன நாடு. சுமார் 1,300 கிலோமீட்டர் கடற்கரை. யுனெஸ்கோ பட்டியல்ல கார்த்தேஜ், எல் ஜெம், கைரவான், சூஸ்னு வரிசையா பேருங்க.

வழக்கம்போல கூகுள் ஷீட் ஒண்ணு திறந்தேன். அதுல ரெண்டு டேப். ஒண்ணு 'பீச்', இன்னொண்ணு 'கல்ச்சர்'. பீச் டேப்ல சூஸ் நகரத்துக்குப் பக்கத்துல ஆறு ராத்திரி, சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஹோட்டல். கல்ச்சர் டேப்ல ஒரே நாள் பஸ் டூர்ல கைரவானும் எல் ஜெமும், கடைசியில துனிஸ் வந்து கார்த்தேஜ், அப்புறம் ஃப்ளைட். டிராவல் சைட்டுகள்ல பாதிப் பேர் இப்படித்தான் போறாங்க.

அன்னைக்கு ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. யூட்யூப்ல தேடிப் பார்த்துட்டாங்கபோல. "ஏம்பா, சூஸ்னு சொன்னியே, அங்கதானே பீச்ல படுத்திருந்தவங்களைச் சுட்டாங்க? அந்த ஊருக்கா கூட்டிட்டுப் போறே அந்தப் பொண்ணை?" அப்படின்னாங்க. சட்டுனு பதில் வரலை. படிச்சுட்டுச் சொல்றேம்மான்னு வெச்சேன். அந்தப் படிப்புதான் இந்த எபிசோட். படிக்கப் படிக்க, என் ஷீட்ல இருந்த அந்த ரெண்டு டேப்பையும் நான் பிரிக்கலை, அந்த நாட்டோட வரலாறு பிரிச்சு வெச்சதுன்னு புரிஞ்சது.

முதல்ல ஒரு சின்னக் கேள்வி. கைரவான் ஏன் கடற்கரையில இல்லை?

எகிப்துக்கு மேற்கே, வட ஆப்பிரிக்காவின் முதல் பெரிய இஸ்லாமிய நகரம் அது. உக்பா இப்னு நாஃபி என்ற அரபுத் தளபதி 670-ல் நிறுவினார். இவ்வளவு நீளமான கடற்கரை இருக்கும்போது, மழை குறைந்த, ஆறு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத ஒரு சமவெளியின் நடுவே போய்க் கூடாரம் அடித்தார்கள். காரணம், அன்றைக்குக் கடல் அவர்கள் கையில் இல்லை. பைசாந்தியப் பேரரசின் கப்பற்படை எந்த ராத்திரியிலும் வந்து கரையில் இருக்கும் ஊரைக் கொளுத்திவிட்டுப் போக முடியும். அதனால் கடலிலிருந்து தள்ளி, மலைகளில் இருந்த பெர்பர் இனத்தவரிடமிருந்தும் தள்ளி, நடுவில் ஒரு இடம். தண்ணீருக்கு என்ன செய்தார்கள் என்றால், 9-ஆம் நூற்றாண்டில் அக்லபித் ஆட்சியாளர்கள் பிரம்மாண்டமான வட்டத் தொட்டிகளைக் கட்டி, மலைப்பக்கத்திலிருந்து கால்வாயில் நீரைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொட்டிகள் இன்னைக்கும் இருக்கு. என்னைக் கேட்டா, மசூதிக்கு முன்னாடி அதைத்தான் போய்ப் பார்க்கணும். ஒரு ஊர் எவ்வளவு பயந்து கடலை விட்டுத் தள்ளி உட்கார்ந்ததுன்னு அந்தத் தொட்டியைப் பார்த்தாலே தெரியும்.

கடலை நம்பி வாழ்ந்தவங்க கதையும் அங்கேயே பக்கத்துல இருக்கு. கார்த்தேஜ். இன்றைய லெபனான் கரையில் இருந்த டயர் நகரத்து ஃபினீசியர்கள் கி.மு. 814-ல் வந்து குடியேறினார்கள் என்பது மரபு. கப்பல்தான் அவர்களுக்குச் சோறு. போர்க் கப்பல்களுக்கென்று வட்டமான ஒரு துறைமுகத்தை வெட்டினார்கள். அதில் 220 கப்பல்கள் நிற்கும் என்று பண்டைய வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதியிருக்கிறார். ஹன்னிபால் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டியது இந்த நகரத்துக்காகத்தான். கி.மு. 146-ல் ரோம் அதை எரித்துத் தரைமட்டமாக்கியது. அப்புறம் நிலத்துல உப்பைத் தூவினாங்கன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க இல்லையா? அது பண்டைய நூல் எதிலும் கிடையாது, ரொம்பப் பிற்காலத்துல யாரோ சேர்த்த மசாலா. உண்மையில ரோமானியர்களே அங்கே திரும்ப ஒரு பெரிய நகரம் கட்டினாங்க. 'ஆப்பிரிக்கா'ங்கிறதே அந்தப் பகுதிக்கு, அதாவது இன்றைய துனிசியாவுக்கு, ரோம் வெச்சிருந்த மாகாணப் பேருதான். அப்புறம்தான் அது மொத்தக் கண்டத்துக்கும் போச்சு.

அந்த ரெண்டாவது கார்த்தேஜையும் 698-ல் அரபுப் படை பிடித்து அழித்தது. புதிய நகரமான துனிஸ், நேராகக் கடலைப் பார்க்காமல் ஒரு ஆழமில்லாத ஏரிக்குப் பின்னால் வளர்ந்தது. கார்த்தேஜின் கல்லும் தூணும் அந்தப் புது ஊர்களுக்குப் போயின. கைரவான் பெரிய மசூதியின் தூண்களில் நிறைய, பழைய ரோமானிய ஊர்களிலிருந்து எடுத்து வந்தவை. கடற்கரை ஊரின் எலும்பை எடுத்து உள்ளூரைக் கட்டியிருக்காங்கன்னு வெச்சுக்கோங்களேன்.

சரி, கரையை அப்படியே விட்டுட்டாங்களான்னா, இல்லை. காவல் போட்டாங்க. ரிபாத்னு ஒரு கட்டட வகை. பாதி கோட்டை, பாதி மடம். உள்ளே இருப்பவர்கள் தொழுவார்கள், படிப்பார்கள், கோபுரத்தின் மேலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எதிரிக் கப்பல் தெரிந்தால் தீ மூட்டி அடுத்த ஊருக்குச் சைகை காட்டுவார்கள். மொனாஸ்டிர் ரிபாத் 796-ல் தொடங்கியது. சூஸில் இருப்பது 821. மான்ட்டி பைதான் குழுவோட 'லைஃப் ஆஃப் பிரையன்' படத்துல வர்ற கோட்டைச் சுவர் இந்த மொனாஸ்டிர் ரிபாத்தான். சூஸ் ரிபாத் கோபுரத்துல ஏறினா ஒரு பக்கம் பழைய நகரம், இன்னொரு பக்கம் கடல், வடக்கே வரிசையா ஹோட்டல். நாங்க படுக்கப் போற அந்த மண்ணு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆள் ராத்திரி முழுக்கக் கண் கொட்டாம முறைச்சுக்கிட்டிருந்த மண்ணு.

அந்தப் பயம் வீண் பயமும் இல்லை. சூஸுக்குத் தெற்கே மஹ்தியா. 10-ஆம் நூற்றாண்டில் ஃபாத்திமியர்கள் தங்கள் தலைநகரமாகக் கட்டிய ஊர். கெய்ரோ நகரத்தை நிறுவியது இந்த வம்சம்தான். 969-ல் படை எடுத்துப் போய் எகிப்தைப் பிடித்தார்கள். மஹ்தியா கடலுக்குள் நீளும் பாறை முனையில், நிலத்துப் பக்கம் ஒரே ஒரு இருண்ட குகை மாதிரி வாசலோடு இருந்தது. அப்படியிருந்தும் 1087-ல் ஜெனோவா, பீசா நகரங்களின் கப்பல்கள் வந்து சூறையாடின. 1148-ல் சிசிலியின் நார்மன்கள் பிடித்தார்கள். 1550-ல் ஸ்பானியர்கள் பிடித்து, நாலு வருஷம் கழித்துக் கிளம்பும்போது மதிலை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். தெற்கே ஜெர்பா தீவில் இன்னும் கோரம். 1560-ல் ஒட்டோமான் படையிடம் ஸ்பானியர்கள் அங்கே தோற்றபோது, செத்தவர்களின் மண்டை ஓடுகளை அடுக்கிக் கடற்கரையில் ஒரு கோபுரம் எழுப்பினார்கள். 1848 வரை அது அங்கேயே நின்றது. ஜெர்பா இன்னைக்கு அந்த நாட்டோட பெரிய பீச் தலங்கள்ல ஒண்ணு.

ஒரு பக்கக் கதை மட்டும் சொல்லக் கூடாது. துனிஸிலிருந்து கிளம்பிய கடற்கொள்ளைக் கப்பல்களும் இத்தாலியக் கரைகளில் இறங்கி ஆட்களைப் பிடித்துவந்து அடிமைகளாக விற்றன. அதனால எதிர்க்கரையிலயும் இதே மாதிரி காவல் கோபுரங்கள் இருக்கு. ரெண்டு பக்கமும் கடலைப் பார்த்து நடுங்கிக்கிட்டு இருந்திருக்காங்க.

இந்தப் பயம் எப்போ 'வியூ'வா மாறுச்சு? அதுதான் எனக்கு சுவாரஸ்யமா இருந்த இடம்.

1881-ல் பிரான்ஸ் துனிசியாவைத் தன் பாதுகாப்பில் உள்ள நாடு என்று அறிவித்து எடுத்துக்கொண்டது. கடல் இப்போது ஐரோப்பியர்களின் வாசல். அதற்குப் பிறகுதான் அழகுக்காக வருபவர்கள் வர ஆரம்பித்தார்கள். 1914 ஏப்ரலில் பவுல் க்ளீ, ஆகஸ்ட் மாக்கெ, லூயி முவாயே என்று மூன்று ஓவியர்கள் வந்து சுமார் இரண்டு வாரம் சுற்றினார்கள். நிறம் என்றால் என்ன என்று இந்தப் பயணத்தில்தான், அதிலும் கைரவானில்தான், தனக்குப் பிடிபட்டதாக க்ளீ பிற்பாடு குறித்து வைத்தார். அதே வருஷம் செப்டம்பரில் மாக்கெ முதல் உலகப் போரில் இறந்துபோனார். துனிஸுக்குப் பக்கத்தில் சிதி பூ சைத் என்ற குன்று ஊரில் பரோன் தெர்லாஞ்செ என்ற பணக்காரர் மாளிகை கட்டி, அரபு இசையை ஆராய்ந்துகொண்டு, அந்த ஊரின் வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் மாறாமல் காக்க 1915-ல் அரசாணை வரக் காரணமாக இருந்தார். இன்ஸ்டாவுல நீங்க பார்க்குற நீலக் கதவு போட்டோ எல்லாம் அந்த ஆணைக்குக் கடன்பட்டது.

ஆனா இதெல்லாம் ஒரு கை விரல்ல எண்ணக்கூடிய பணக்காரங்க விளையாட்டு. பீச்சை ஒரு தொழிலா மாத்தினது சுதந்திர துனிசியா.

1956 மார்ச் 20-ல் சுதந்திரம். ஹபீப் பூர்கிபா முதலில் பிரதமர், அடுத்த வருஷம் குடியரசுத் தலைவர். வக்கீல், பிடிவாதக்காரர், சுதந்திரம் வந்த சில மாதத்திலேயே பலதார மணத்தைத் தடைசெய்து, மணவிலக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தவர். பள்ளிக்கூடங்களுக்குப் பணத்தைக் கொட்டியவர். அவர் முன்னால் இருந்த கணக்கு கஷ்டமான கணக்கு. இரண்டு பக்கமும் இருக்கும் அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் ஏராளமாக எண்ணெய். இவரிடம் பாஸ்பேட், ஆலிவ், கோதுமை, வெயில். அந்த வெயிலை விற்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 1959-ல் அரசே ஒரு ஹோட்டல் நிறுவனத்தைத் தொடங்கியது. 60-களில் அரசு கட்டியது, பிறகு தனியாருக்குக் கடனும் நிலமும் கொடுத்துக் கட்ட வைத்தது. ஹமாமெட், சூஸ், மொனாஸ்டிர், ஜெர்பா. 1979-ல் சூஸுக்கு வடக்கே போர்ட் எல் கான்டவ்வி: படகுத் துறை, வெள்ளை வீடு, வளைந்த வாசல் என்று பழைய ஊர் மாதிரியே புதிதாகக் கட்டிய ஊர். பயணிகளுக்காகவே செய்த ஒரு டெமோ வெர்ஷன்னு சொல்லலாம்.

இப்போ ஒரு விஷயத்தைக் கவனிங்க. பூர்கிபா பிறந்த ஊர் மொனாஸ்டிர். 1987-ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டு வந்த பென் அலி பிறந்த ஊர் ஹம்மாம் சூஸ், போர்ட் எல் கான்டவ்விக்கு ஒட்டின ஊர். சுதந்திரத்துல இருந்து 2011 வரைக்கும் ஆண்ட ரெண்டு பேரும் சாஹேல்னு சொல்ற அந்த ஒரே கடற்கரைத் துண்டுல பிறந்தவங்க. விமான நிலையம், ரயில், தொழிற்சாலை, ஹோட்டல் எல்லாம் அந்தப் பக்கமே சாய்ந்தது. இதுக்குச் சொந்த ஊர்ப் பாசம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்லலை. பீச் எங்க இருக்கோ அங்கதான் ஹோட்டல் கட்ட முடியும், துறைமுகம் எங்க இருக்கோ அங்கதான் ஏற்றுமதித் தொழிற்சாலை வரும். ஆனா ஐம்பது வருஷம் இப்படியே போனா, ஒரே நாடு ரெண்டா ஆயிடும். உள்நாட்டு மாவட்டங்கள் கோதுமையும் பாஸ்பேட்டும் காய்கறியும் அனுப்பின, பிள்ளைகளையும் அனுப்பின. கரையில் ஹோட்டல்களில் தட்டு கழுவியவர்களில் நிறையப் பேர் அந்தப் பிள்ளைகள்தான்.

அந்த ஹோட்டல்களும் செழிப்பா இருந்ததான்னா, அதுவும் முழுசா இல்லை. ஐரோப்பிய டூர் கம்பெனிகள் விலையை அடிச்சு அடிச்சுக் குறைச்சு, ஒரு வாரத்துக்கு விமானமும் சாப்பாடும் சேர்த்து மலிவு பேக்கேஜா வித்தாங்க. ஹோட்டல்காரங்க வாங்கின வங்கிக் கடன்ல பெரும் பங்கு வராக்கடன் ஆச்சு. வந்த பயணி கேட்டுக்கு வெளியே காபி குடிக்கக்கூட வரலை, ஏன்னா உள்ளேயே இலவசம். என் பீச் டேப்ல நான் போட்டு வெச்சிருந்தது அதே பேக்கேஜ்தான். அதைப் படிக்கும்போது கொஞ்சம் கூச்சமா இருந்தது.

2008-ல் தெற்கே கஃப்சா பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் வேலை நியமனத்தில் முறைகேடு என்று ஆறு மாதம் கிளர்ச்சி நடந்தது. அடக்கிவிட்டார்கள். பீச்சில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. 2010 டிசம்பர் 17. சிதி பூசித் என்ற உள்நாட்டு ஊர். முகமது பூவஸீஸி, வயசு 26, தள்ளுவண்டியில் பழம், காய்கறி விற்பவர். தராசையும் சரக்கையும் அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள்; முறையிடப் போன இடத்தில் யாரும் கேட்கவில்லை; ஆளுநர் அலுவலகத்தின் முன்னால் தன்மீது தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4-ல் இறந்தார். போராட்டம் அங்கிருந்து காசரின், தாலா என்று உள்நாட்டு ஊர்களில்தான் முதலில் பரவியது. அங்கேதான் நிறையப் பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். கடைசியாகத்தான் துனிஸ். ஜனவரி 14-ல் பென் அலி விமானம் ஏறி சவூதிக்குப் போய்விட்டார். அரபு வசந்தம்னு உலகமே பேசினது, சுற்றுலா வரைபடத்துல பேரே இல்லாத ஒரு ஊர்ல ஆரம்பிச்சது.

இங்க ஒரு சின்னக் கிளைக் கதை. சூஸுக்கும் ஸ்ஃபாக்ஸுக்கும் நடுவே எல் ஜெம்னு ஒரு சின்ன ஊர். ரயிலை விட்டு இறங்கினா, வீடுகளுக்கு மேல ஒரு ரோமானிய அரங்கு மலை மாதிரி நிக்கும். 3-ஆம் நூற்றாண்டில் கட்டியது; சுமார் 35,000 பேர் உட்காரலாம். ஆலிவ் எண்ணெய்க் காசில் எழுந்தது. அன்றைக்கு அந்த ஊரின் பெயர் திஸ்ட்ரஸ். கி.பி. 238-ல் வரி அதிகாரி ஒருவர் பிழிந்தெடுத்தது தாங்காமல், நிலக்கிழார் வீட்டு இளைஞர்கள் அவரைக் கொன்றுவிட்டு, சுமார் 80 வயதான ஆளுநர் கோர்டியனைப் பிடித்து "நீங்கதான் இனி பேரரசர்" என்றார்கள். கிழவரும் மகனும் சில வாரம்தான் தாங்கினார்கள். ஆனால் அந்தப் பொறியில் கிளம்பிய குழப்பத்தில் ரோமப் பேரரசர் மாக்ஸிமினஸ் அதே வருஷம் கொல்லப்பட்டார். சிதி பூசித்தோட ஒப்பிடக் கை பரபரக்குது. ஆனா ஒப்பிடக் கூடாது: அங்கே எழுந்தவங்க தோப்புக்காரங்க, இங்கே எழுந்தது தராசு பறிபோன ஒரு தள்ளுவண்டிக்காரர்.

இப்போ அம்மா கேட்ட கேள்விக்கு வர்றேன். 2015 மார்ச் 18-ல் துனிஸில் உள்ள பார்டோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிச் சூடு, 22 பேர் பலி. ஜூன் 26-ல் சூஸுக்கு வடக்கே போர்ட் எல் கான்டவ்வி பக்கத்து ஹோட்டல் கடற்கரையில் 38 பேர் பலி. அதில் 30 பேர் பிரிட்டிஷ்காரர்கள். ஹோட்டல் ஊழியர்களும் உள்ளூர்க்காரர்களும் கை கோத்துக் குறுக்கே நின்று மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். சுட்டவன் உள்நாட்டு மாவட்டம் ஒன்றில் பிறந்து கைரவானில் படித்துக்கொண்டிருந்த மாணவன். இதை வெச்சு 'வறுமைதான் காரணம்'னு ஒரே வரியில முடிக்கிறது எனக்குச் சரியாப் படலை. அதே மாவட்டங்கள்ல லட்சக்கணக்கான பேர் வறுமையிலேயே, யாரையும் கொல்லாம வாழறாங்க. ஆனா ஒண்ணு கவனிச்சேன்: தாக்கின ரெண்டு இடமும் என் ஷீட்டோட ரெண்டு டேப். ஒண்ணு மியூசியம், ஒண்ணு பீச்.

அதுக்கப்புறம் பல வருஷம் ஹோட்டல்கள் மூடிக் கிடந்தன. பிரிட்டன் 2017-ல் தன் எச்சரிக்கையைத் தளர்த்தியது; 2018-ல் டூர் விமானங்கள் திரும்பின. 2024-ல் வந்தவர்கள் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ அந்த மலைப் பக்கம் போகாதே, கும்பல் இருக்கிற இடத்துல நிக்காதே"ன்னாங்க. இது அனுமதின்னு எடுத்துக்கிட்டேன்.

அம்மா சொன்ன அந்த 'மலைப் பக்கம்' தான் இப்போ எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. நான் ஷீட்டை அழிச்சு ஒரே டேப்பா மாத்தினேன். முதல் மூணு ராத்திரி துனிஸ் பழைய நகரத்துல. அங்கிருந்து கடற்கரை ஊர்களுக்கு ஓடுற பழைய ரயில் பாதை ஒண்ணு இருக்கு, 1872-ல் போட்டது. அதுல 'கார்த்தேஜ் ஹன்னிபால்'னு ஒரு ஸ்டேஷன்! நம்ம பறக்கும் ரயில் மாதிரி அலுத்துக்கிட்டு ஏறி இறங்குவாங்கபோல, ஸ்டேஷன் பேரு ஹன்னிபால். அடுத்து கைரவான்ல ஒரு ராத்திரி. பகல்ல பஸ்ஸை நிறுத்தி ரெண்டு மணி நேரத்துல கிளம்பறதுக்குப் பதிலா, அங்கேயே தூங்கி, பேரீச்சம்பழம் வெச்ச மக்ரூத் வாங்கித் தின்னு, காலையில அந்தத் தொட்டிகளைப் பார்க்கணும். அப்புறம் மஹ்தியாவுல மூணு ராத்திரி, சின்ன விடுதி. பீச்சும் அதுவே, கல்ச்சரும் அதுவே. சூஸ், மொனாஸ்டிரிலிருந்து மஹ்தியாவுக்குக் கரையோரமாவே லோக்கல் ரயில் ஓடுது, அதனால ரிபாத் ரெண்டும் வழியிலேயே வந்துடும்.

தெற்கே மாரெத்தை விட வேண்டியிருந்தது, அது எனக்கு வலி. 1943 மார்ச்சில் அங்கே ஜெர்மன், இத்தாலியப் படைகளின் அரண்வரிசையை நேச நாட்டுப் படை முட்டியபோது, குண்டு மழைக்கு நடுவில் வாதி ஸிக்ஸாவு என்ற ஓடையில் வண்டி கடக்கப் பாதை போட்டவர்கள் 4-வது இந்திய டிவிஷனின் பொறியாளர் படையினர். அந்த டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸும் இருந்தார்கள், அதாவது நம்ம ஊர்ப் பிள்ளைகள். மே 12-ல் ஜெர்மன் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்ததும் இதே டிவிஷனிடம்தான். இன்ஜினியரிங் படிச்ச எவனுக்கும் அந்த ஓடைக் கரையில ஒரு நிமிஷம் நிக்கணும்னு தோணும். ஒன்பது நாள்ல முடியாது.

மீதி ரெண்டு ராத்திரியில ஒண்ணு, கடைசி நாள் ஃப்ளைட்டுக்காகத் திரும்ப துனிஸ். இன்னொண்ணுதான் பிரச்சினை. நான் சொன்னேன், சிதி பூசித் போகலாம்னு. அவங்க ஷீட்டையே பார்த்துக்கிட்டிருந்துட்டு கேட்டாங்க: "அங்க போய் என்ன பண்ணுவே? அந்த ஆள் எரிஞ்ச இடத்துல நின்னு போட்டோ எடுப்பியா?" எனக்குப் பதில் இல்லை. "ஒரு ஊரோட கஷ்டத்தைப் பார்க்கறதும் ஒரு டூர்தான்டா. ஹோட்டல்காரனாவது நாம வர்றோம்னு சோறு ஆக்கி வெச்சிருப்பான்" அப்படின்னாங்க. ரெண்டு நாள் அது மண்டைக்குள்ள ஓடுச்சு. அவங்க சொன்னது சரி.

அதுக்கப்புறம் நான் வெச்ச மாற்று யோசனை ஸ்பெய்ட்லா. காசரின் மாவட்டம், அதாவது அந்த உள்நாட்டுத் துனிசியாதான். ஆனா அங்கே பார்க்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு: மூன்று ரோமானியக் கோயில்கள் தோளோடு தோள் நிற்கும் ஒரு பழைய நகரம், அன்றைய பெயர் சுஃபெட்டுலா. 647-ல் பைசாந்திய ஆளுநர் கிரகோரி அரபுப் படையோடு மோதி உயிரை விட்டது அங்கேதான். கைரவான் உருவாவதற்கே அதுதான் முன்கதை. டிக்கெட் வாங்கி, ஊர்க் கடையில சாப்பிட்டு, ஒரு ராத்திரி வாடகை கொடுத்துத் தங்கற சாதாரணப் பயணியா அங்கே இருக்கலாம். வேடிக்கை பார்க்க வந்தவனா இல்லாம. இதுக்கு அவங்க சம்மதிச்சாங்க. ஆனா காசரினுக்கு மேற்கே, அல்ஜீரிய எல்லை மலைகளுக்கு இன்னும் பல நாடுகள் பயண எச்சரிக்கை வெச்சிருக்கு. ஸ்பெய்ட்லா ஊர் அந்த மலை இல்லை. ஆனா அம்மாவுக்கு அந்த வித்தியாசம் வரைபடத்துல ஒரு சென்டிமீட்டர்.

போறவங்களுக்குச் சில விஷயம் சொல்லிடறேன். துனிசிய தினாரை நாட்டுக்குள்ள கொண்டு போகவும் முடியாது, வெளியே கொண்டு வரவும் முடியாது. யூரோவோ டாலரோ எடுத்துட்டுப் போய் அங்கேயே மாத்தணும், ரசீதை வெச்சுக்கணும். ஊருக்கு ஊர் போக 'லுவாஜ்'னு ஷேர் வேன், சீட் நிறைஞ்சதும் கிளம்பும். நம்ம ஷேர் ஆட்டோ அண்ணன்தான், கொஞ்சம் பெரிசு. பார்டோ திங்கட்கிழமை லீவு. கைரவான் மசூதியில முஸ்லிம் அல்லாதவங்க முற்றம் வரைக்கும்தான், தொழுகைக் கூடத்துக்குள்ள கிடையாது. வாசல்ல நின்னு தூண்களைப் பார்க்கலாம். சைவம்னா கவனம், சாலட்ல கூட டூனா மீனைப் போட்டுடுவாங்க. என் மனைவி சைவம். லப்லாபின்னு கொண்டைக்கடலை ரசம் மாதிரி ஒண்ணு இருக்காம், பழைய ரொட்டியைப் பிச்சுப் போட்டு ஹரிஸா காரம் கலந்து. முட்டையும் டூனாவும் வேண்டாம்னு முன்னாடியே சொல்லணும். அதை நம்பித்தான் கிளம்பறாங்க.

ஃப்ளைட் புக் பண்ணியாச்சு. மஹ்தியா விடுதிக்கு முன்பணம் கட்டியாச்சு. ஷீட்ல அஞ்சாவது நாள் ராத்திரி கட்டம் மட்டும் இன்னும் மஞ்சள் கலர்ல இருக்கு. அதுல நான் 'ஸ்பெய்ட்லா'ன்னு போட்டிருக்கேன். நேத்து பார்த்தா பக்கத்துல அவங்க ஒரு கமெண்ட் விட்டிருக்காங்க: "அத்தைகிட்ட நீயே சொல்லு."